நேரடிக் கொள்முதல்

நான் பொய் எழுதினேன். ஒரு படத்துக்குக் கீழே, ஒரே ஒரு வரி. அதைக் காப்பாற்றுவதற்காக இன்னொரு பொய் சொன்னேன். இரண்டாவதுதான் பெரியது. அதை நம்பிய மனிதர் தன் தொழிலைத் தூக்கி என் கையில் தந்துவிட்டு, எனக்கே நன்றியும் சொன்னார்.

முதல் பொய்யை நீங்கள் வாசித்திருக்கக்கூடும். உலர்த்திய வாழைப்பழத் துண்டுகள் அடைத்த மண்ணிறக் கடதாசிப் பொதி அது. பின்பக்கத்தில் ஒரு படம். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரும் வேட்டி கட்டிய ஒருவரும் ஒரு கதலி வாழைக்குலையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிற்பார்கள். வெள்ளைச் சட்டைக்காரரின் மற்றக் கையில் பணத்தாள்கள். இருவர் முகத்திலும் சிரிப்பு. கீழே என்னுடைய வரி: 'விவசாயியிடமிருந்து நேரடியாக, நியாயமான விலையில்.'

அதை நம்பி, பக்கத்தில் இருந்த மலிவான பொதியை விட்டு இதை எடுத்தீர்களா? அப்படியானால் உங்களிடம் சொல்லாமல் நான் யாரிடம் சொல்வது?

நான் பத்திரிகையில் வளர்ந்தவள். யாழ்ப்பாண நகரத்து நாளிதழ் ஒன்றின் ஆசிரியபீடத்தில் நெடுங்காலம் இருந்தேன். படக்குறிப்பு எழுதுவதற்கு அங்கே சில விதிகள் இருந்தன. இடமிருந்து வலமாக எல்லோருடைய பெயரையும் எழுது. ஒருவரையும் விடாதே. படத்தில் நடக்காததை எழுதாதே. முதல் வாரத்திலேயே எனக்கு மனப்பாடமானவை அவை. தெரியாமல் விட்ட பிழை என்று ஒரு நாளும் என்னால் சொல்ல முடியாது... தெரிந்துதான் செய்தேன்!

பத்திரிகை ஆட்களைக் குறைத்தபோது என்னையும் குறைத்தது. கையில் வேலை இல்லாமல் நின்ற என்னைக் கூப்பிட்டு மேசையும் நாற்காலியும் தந்தவர் செல்வரட்ணம் சேர். உடுவிலுக்குப் பக்கத்தில் பழம் உலர்த்தி ஏற்றுமதி செய்யும் அந்தக் கம்பனியின் முதலாளி, முகாமைத்துவப் பணிப்பாளர். அவரும் எங்கள் தேவாலயத்துக்காரர்தான். அந்த நன்றி இன்றைக்கும் எனக்குக் குறையவில்லை. இந்தக் கதையில் நன்றி சொல்ல வேண்டியவர்களே அதிகம். என் துயரமும் அதுதான்.

அந்த நாட்களில் அவர் கொழும்பில் ஒரு கருத்தரங்குக்குப் போய் வந்திருந்தார். வந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டு இருத்தினார்.

"லாபம் எல்லாரும்தான் எடுக்கினம், பிள்ளை. நீங்கள் என்னத்துக்குக் கம்பனி நடத்திறியள் எண்டு ஒருத்தன் கேட்டா, வாய் திறக்கேலாமல் நிக்கக்கூடாது. எங்களுக்கு ஒரு நோக்கம் வேணும். அதை நீங்கள் எழுதவேணும்."

நோக்கத்தை எழுதிவிட்டால் அது வந்துவிடுமா? எனக்குள் சிரித்துக்கொண்டேன். அவரோ சிரிக்கவில்லை. அவர் அதை உண்மையான எண்ணத்தோடுதான் சொன்னார் என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. எனக்கு நிலைபேறு முகாமையாளர் என்ற பதவி கிடைத்தது. முதல் கடமை, கம்பனியின் முதலாவது நிலைபேறு அறிக்கை: மண்ணுக்கும் மனிதருக்கும் கம்பனி என்ன நன்மை செய்கிறது என்று ஊருக்குச் சொல்லும் புத்தகம்.

முன்மாதிரிக்காக வெளிநாட்டுக் கம்பனிகளின் அறிக்கைகளை மேசையில் பரப்பினேன். எல்லாவற்றிலும் ஒரு விவசாயி, ஒரு சிரிப்பு, ஒரு வசனம். விவசாயிக்கும் கம்பனிக்கும் இடையில் வேறு யாரும் இருக்கவில்லை. ஒரு லொறியைக்கூட நான் காணவில்லை.

எங்களிடம் ஒரு லொறி இருந்தது. அருளானந்தம் அண்ணையின் லொறி. பண்டத்தரிப்புப் பக்கத்துத் தோட்டங்களில் வாழைக்குலைகளை வாங்கி எங்கள் தொழிற்சாலைக்கு ஏற்றி வந்தவர் அவர்தான். தரகு எடுத்தார். அதில் களவு இல்லை, ஒளிவு இல்லை. எவ்வளவு எடுத்தார் என்று தோட்டக்காரருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் 'நாங்கள் ஒரு தரகர் மூலம் வாங்குகிறோம்' என்ற வசனத்துக்கு எந்த அறிக்கையிலும் படம் இருக்கவில்லை.

படம் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது.

எங்கள் தேவாலயத்தில் வருடம் ஒருமுறை அறுவடை ஆராதனை நடக்கும். தோட்டத்திலும் வளவிலும் விளைந்ததில் நல்லதைச் சபையார் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் தேவாலய வளவில் ஏலம். அந்த ஏலத்தில் விலை என்பது விலை அல்ல. ஒரு முட்டை ஒரு கோழியின் விலைக்குப் போகும். வாங்கியவரே அதைத் திருப்பிக் கொடுத்து மறுபடியும் ஏலத்தில் விடச் சொல்வார். ஆண்டவருக்குக் கொடுப்பதை இப்படிச் சிரித்து விளையாடிக் கொடுப்பது எங்கள் வழக்கம். சேரும் பணம் முழுவதும் தேவாலயத்துக்கு. பொருளைத் தந்தவருக்கு ஒரு சதமும் இல்லை.

சபையின் பொருளாளர் அருளானந்தம் அண்ணை. ஏலம் கூறுவதும் அவர்தான். லொறிக்கு மேலால் கூப்பிட்டுப் பழகிய குரல். ஒற்றை எலுமிச்சம்பழத்தை உயர்த்திக் காட்டினார்.

"ஒரு தேசிக்காய்! நல்லாப் பாருங்கோ, சனங்கள்! உப்பிடி ஒரு தேசிக்காய் ஆதாமுக்கும் கிடைச்சிருக்காது!"

"அண்ணை, பொறுங்கோ! கனடாவில இருந்து என்ரை தம்பி கேக்கிறான்!" கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி ஒருவர் ஓடிவந்தார்.

"உந்தக் குளிருக்கை அவனுக்குத் தேசிக்காய் என்னத்துக்கு? சரி, சரி, விலையைச் சொல்லச் சொல்லு. சிரிச்சுக்கொண்டு நிக்கிறான்!"

அடுத்து வந்தது ஒரு கதலிக் குலை. கொண்டுவந்தவர் சிவபாதம் அண்ணை. பண்டத்தரிப்பில் வாழைத் தோட்டம் செய்பவர், சைவர். அவருடைய மகள் எங்கள் பக்கத்து மிஷன் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவள். அங்கே கடும் காய்ச்சல் கண்டு கிடந்தபோது சபையார் மாறி மாறி இருந்து பார்த்தார்கள். அந்த நன்றிக்காக வருடம் தவறாமல் ஒரு குலை கொண்டுவருவார்.

"சிவபாதம், உங்கடை பிள்ளையார் கோவிக்கமாட்டாரோ?" என்று ஏலக்காரர் கேட்டார்.

"அவருக்கு விடியவே குடுத்திட்டன். உங்கடை ஆளுக்குத்தான் கொஞ்சம் பிந்திப்போச்சு."

வளவு முழுக்கச் சிரித்தது. செல்வரட்ணம் சேர் எல்லோரையும் முந்திக்கொண்டு விலையை ஏற்றி அந்தக் குலையை எடுத்தார். இடது பக்கத்தில் சிவபாதம் அண்ணை, நடுவில் பணத்தோடு சேர், வலது பக்கத்தில் காணிக்கைத் தட்டோடு அருளானந்தம் அண்ணை. நான் கைபேசியில் எடுத்தேன். நல்ல வெளிச்சம்.

அடுத்த நாள் அலுவலகத்தில் அந்தப் படத்தின் வலது பக்கத்தை வெட்டினேன். தட்டும் போயிற்று, தட்டைப் பிடித்தவரும் போனார். மிச்சம் இருந்தது ஒரு விவசாயி, ஒரு முதலாளி, ஒரு குலை, கொஞ்சம் பணம். கீழே அந்த வரியை எழுதினேன். எழுத அரை நிமிடமும் பிடிக்கவில்லை. உண்மையான படக்குறிப்புகளுக்கே இதைவிடக் கூட நேரம் எடுத்திருக்கிறேன்...

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படத்தை மறுபடியும் பார்த்தார்.

"உது எங்கடை தேவாலய வளவெல்லோ?"

"வளவு தெரியேல்லை, சேர்."

அவர் படத்தை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "சரி... இனிமேல் செய்யப்போறதைத்தானே எழுதியிருக்கிறம்," என்றார். பழியில் பாதியை அவர் பக்கம் தள்ளிவிட எனக்கு ஆசைதான். ஆனால் அவர் பத்திரிகையில் வேலை செய்தவர் அல்லர். அந்த விதிகளைப் படித்தவள் நான்.

படம் அறிக்கையிலிருந்து பொதிக்கு ஏறியது. ஜேர்மனியில் எங்கள் பழத்தை வாங்கும் நிறுவனத்துக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து ஒரு பெண் அதிகாரி எழுதினார்: இலங்கைக்கு வருகிறேன், பொதியில் இருக்கும் விவசாயியைச் சந்தித்துப் பேச விரும்புகிறேன்.

மறுநாளே பண்டத்தரிப்புக்குப் போனேன்.

சிவபாதம் அண்ணை தோட்டத்தில் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். பொதியைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் படத்தைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குக் கடினமாக இருந்தது. வரியை வாசித்துக் காட்டினேன். வெள்ளைக்காரி வந்து கேட்டால் 'ஓம்' என்று சொன்னால் காணும், வேறொன்றும் வேண்டாம் என்றேன்.

அவர் மண்வெட்டியைச் சாத்தினார்.

"பிள்ளை, நான் நேர்ந்து குடுத்த குலை அது. அதை வித்துக் காசு வாங்கினனான் எண்டு என்னைச் சொல்லச் சொல்லுறியளோ?"

நான் இதை யோசித்திருக்கவே இல்லை! விலையைப் பற்றித்தான் பொய் சொன்னேன் என்று நினைத்திருந்தேன். ஒரு மனிதரின் காணிக்கையை வியாபாரமாக்கியிருக்கிறேன் என்பது அவர் வாயால் கேட்டபோதுதான் உறைத்தது.

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை ஏற்றாரோ இல்லையோ தெரியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பொய் சொல்ல என்னால ஏலாது. ஆனா ஒண்டு செய்யலாம். அவ வர முதல் நீங்கள் உண்மையாவே வந்து வாங்குங்கோவன். என்னட்டை மட்டுமில்லை, உந்தப் பக்கத்தில எல்லாரிட்டையும். பிறகு கேட்டா நான் ஓம் எண்டு சொல்லுவன்," என்றார்.

அவர் மனைவி வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்: "படத்தில சிரிச்சதுக்கு உவருக்கும் ஏதாவது குடுக்கச் சொல்லுங்கோ!"

சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அப்ப செய்வம்," என்றார். கணக்காளர் முகம் சுளித்தும் அவர் பின்வாங்கவில்லை. வரும் வாரத்திலிருந்தே நேரடிக் கொள்முதல். தரகுக்குப் போன பங்கு தோட்டக்காரருக்கே போகும், குலையை எடை பார்த்த அன்றைக்கே கையில் காசு. நோக்கம் என்று அவர் பேசிய சொல்லுக்கு அன்றைக்கு உடம்பு வந்தது. அந்த மனிதரை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

ஒரு வேலை மிச்சம் இருந்தது. அருளானந்தம் அண்ணைக்குச் சொல்ல வேண்டும்.

"நான் சொல்லட்டோ?" என்று சேர் கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். அதில் ஒரு பெருமைகூட எனக்கு இருந்தது.

தொழிற்சாலை முற்றத்தில், லொறியில் சாய்ந்து நின்றவரிடம் சொன்னேன். என்ன சொன்னேன்? 'உங்களைப் படத்தில் வெட்டினேன், அதனால் உங்களைத் தொழிலிலும் வெட்ட வேண்டியதாகிவிட்டது' என்றா? இல்லை. "ஜேர்மன்காரர் நிபந்தனை போட்டிட்டினம், அண்ணை. இடையில ஆள் இருந்தால் வாங்கமாட்டினமாம். ஓர்டர் போனால் தோட்டக்காரர் எல்லாருக்கும் நட்டம்," என்றேன்.

அப்படி ஒரு நிபந்தனை இருக்கவில்லை. அந்தப் பெண் ஒரு விவசாயியைப் பார்க்க வேண்டும் என்று மட்டுமே எழுதியிருந்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயமா? இல்லை, அவர் கத்துகிறவர் அல்லர். என்னை அவர் நல்லவளாகவே நினைக்க வேண்டும் என்ற ஆசை... அவ்வளவுதான். அந்த அற்ப ஆசைக்காக!

அவர் லொறியின் கண்ணாடியில் இருந்த தூசியை விரலால் துடைத்தார்.

"வெள்ளைக்காரர் அப்பிடிக் கேட்டா என்ன செய்யிறது, பிள்ளை. அந்தச் சனத்துக்கு நல்லமெண்டாச் சரி." பிறகு, "உங்களுக்கு அங்கை ஒருத்தரையும் தெரியாதெல்லோ? நான் கூட்டிக்கொண்டு போறன். நான் சொன்னாத்தான் நம்புவினம்," என்றார்.

அந்த வாரம் முழுவதும் அவருடைய லொறியில் பண்டத்தரிப்பு ஒழுங்கைகளில் போனேன். ஒவ்வொரு வளவின் வாசல் படலையிலும் அவர் இறங்கி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "இனி என்னட்டை இல்லை, இந்தப் பிள்ளையிட்டைக் குடுங்கோ. வெள்ளைக்காரன் நேரைதான் வாங்குவானாம்." சிலர் தயங்கினார்கள். ஒரு வயதான அம்மா, "அப்ப நீ என்ன செய்யப்போறாய், தம்பி?" என்று கேட்டார். "நான் சும்மா இருந்து சாப்பிடப்போறன், அம்மா. காணும் உந்த லொறி ஓடினது," என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்...

என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "சின்னச் சீப்பையும் எடுக்கவேணும். வடிவானதை மட்டும் பொறுக்கி எடுத்துப்போட்டு மிச்சத்தை அவையின்ரை தலையில கட்டக்கூடாது. நான் ஒரு நாளும் அப்பிடிச் செய்யேல்லை." சேர் ஒப்புக்கொண்டார். சிறிய பழம் மாவாகிறது. இன்றைக்கும் எங்கள் கொள்முதல் விதிகளில் அது முதல் விதி.

ஜேர்மன் பெண் வந்தார். சிவபாதம் அண்ணை 'ஓம்' என்றார். அது உண்மை. ஓர்டர் கூடியது. அடுத்த வருடம் கொழும்பில் ஒரு மண்டபத்தில் 'நிலைபேறு தலைமைத்துவ'த்துக்கான விருதை என் கையில் கொடுத்தார்கள். மேடையில் என்னைப் பற்றி வாசித்த குறிப்பில் சிறிய பழங்களையும் ஒதுக்காமல் வாங்கும் முறையை விசேடமாகப் பாராட்டினார்கள். நான் கைகூப்பினேன். அது இன்னொருவருடைய நிபந்தனை என்று சொல்லவில்லை.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் இன்று அந்தப் பொதியை வாங்கினால், பின்பக்கத்து வரி உண்மை. எழுத்துக்கு எழுத்து உண்மை. தோட்டக்காரர்களின் வீடுகளில் அது தெரிகிறது. ஒரு கூரை மாறியிருக்கிறது, ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போயிருக்கிறது. என்னைக் கண்டால் பழம் தராமல் விடமாட்டார்கள். ஒரு நல்ல நோக்கம் பொய்யில் முளைத்தால் அது நல்லதில்லையா? நன்மை வந்தபிறகு பொய்யின் கணக்கு தீர்ந்துவிடுமா? எனக்கு விடை தெரியவில்லை. யாரோ ஒருவர் அதற்கான செலவைச் செய்திருக்கிறார், அது நான் இல்லை என்பது மட்டும் தெரிகிறது.

அருளானந்தம் அண்ணை லொறியை விற்றார். இப்போது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வான் ஓட்டுகிறார். மூன்று அறுவடை ஆராதனைகள் கடந்து போயின. நான் வாய் திறக்கவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. ஆண்டவருக்கு நன்றி சொல்ல விரும்புகிறவர் எழுந்து சொல்லலாம். அருளானந்தம் அண்ணை எழுந்தார்.

"என்ரை தொழில் போனது உண்மைதான். ஆனா அந்தப் பக்கத்துச் சனம் இண்டைக்கு நல்லா இருக்கினம். வெள்ளைக்காரரோடை கதைச்சு அதைச் செய்து தந்த இந்தப் பிள்ளைக்காக நான் ஸ்தோத்திரம் சொல்லுறன்."

சபை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் குனிந்திருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்!

அடுத்த சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் வானைக் கழுவிக்கொண்டிருந்தார். மனைவியைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி போடச் சொன்னார். நான் உட்காராமலே சொல்லத் தொடங்கினேன். ஏலத்துப் படம், வெட்டியது, வரி, சிவபாதம் அண்ணையிடம் போனது, எல்லாம். அவர் குழாயை மூடிவிட்டுக் கேட்டார். படத்தில் தன்னை வெட்டியதைச் சொன்னபோது லேசாகச் சிரித்தார். "என்ரை மூஞ்சியைப் போட்டிருந்தா ஒருத்தரும் வாங்கியிருக்கமாட்டினம்."

பிறகு நிபந்தனையைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப அந்த வெள்ளைக்காரி கேக்கேல்லையோ?"

"இல்லை, அண்ணை."

"ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

"இல்லை."

கையில் இருந்த துணியைப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தார்.

"உண்மையைச் சொல்லியிருந்தாலும் நான் விட்டிருப்பன், பிள்ளை. சண்டை பிடிச்சிருப்பன், ஆனா விட்டிருப்பன். தொழில் போனது பெரிசில்லை." அவருடைய அந்த ஏலக் குரல் மிகவும் தணிந்திருந்தது. "நான் ஒவ்வொரு படலையிலும் நிண்டு, வெள்ளைக்காரன் கேட்டவன் எண்டெல்லோ சொன்னனான். என்ரை வாயாலை. நான் சொன்னபடியால்தான் அவை நம்பினவை. போன ஞாயிறு தேவாலயத்திலும் அதையேதான் சொன்னனான்."

அவரிடமிருந்து நான் எதை எடுத்தேன் என்று இத்தனை வருடமும் கணக்குப் பார்த்திருக்கிறேன். லொறி, தரகு, தொழில்... இது அதில் இருக்கவே இல்லை. இருபது வருடமாக அந்தப் படலைகளில் பொய் பேசாத ஒரு வாயை நான் இரவல் வாங்கியிருக்கிறேன்.

அவர் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மோட்டார் சைக்கிளை உருட்டினார்.

"எங்கை போறியள், அண்ணை?"

"பண்டத்தரிப்புக்கு."

"நானும் வாறன்."

"வேண்டாம்." அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. அது இன்னும் கடினமாக இருந்தது. "நீங்கள் வந்தா நீங்கள்தான் கதைப்பியள். வடிவாக் கதைப்பியள். அவை உங்களை மன்னிச்சும் போடுவினம். இது நான் சொன்ன பொய். நான்தான் போய்ச் சொல்லவேணும்."

போனார். ஒழுங்கை முடக்கில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் மனைவி தேத்தண்ணிக் கோப்பையோடு முற்றத்துக்கு வந்தார். எவ்வளவு தூரம் கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. கோப்பையை நீட்டினார். வாங்கி, நின்றபடியே குடித்தேன். நன்றி அக்கா, என்றேன்.

அவர் வெறுங் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.